கேஸ் ஷீட்டில் யாரும் எழுதாத சொல்

நம் வேலையில் நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே வராது. டாக்டர் எழுதியதைப் படிக்க வேண்டும், அதற்குரிய குறியீட்டை, நம் பேச்சில் 'கோடு', தேடிப் போட வேண்டும், அடுத்த கோப்பை எடுக்க வேண்டும். தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில் இருபத்தேழு வருஷம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ பேருடைய மூளையையும் முதுகெலும்பையும் எண்ணும் எழுத்துமாக மாற்றியிருக்கிறேன். அவர்கள் தெருவில் எதிரே வந்தால் ஒருவரையும் எனக்கு அடையாளம் தெரியாது.

ஒருத்தியைத் தவிர.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஷண்ட் கேஸ்களைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் மேலாளர் கேட்டார். எந்த ஆபரேஷனுக்கு எந்தக் கோடு என்பதை உங்கள் கம்ப்யூட்டரே சொல்லிவிடும். அதை நான் எழுதப் போவதில்லை. நான் செய்த ஒரு காரியத்தை எழுதுகிறேன். படிக்கும்போது கொஞ்சம் உடம்பு கூசும். எனக்கு இன்னும் கூசுகிறது.

நான் வரலாறு படித்தவள். ஓ.பி. சீட்டு எழுதிக் கொடுக்கும் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்தவள். உடம்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, பழைய புத்தகக் கடையில் வாங்கிய நர்சிங் புத்தகத்திலிருந்து வந்தது. மீதிப் பாதி, கவுண்டரில் வரிசையில் நின்ற ஜனங்களின் வாயிலிருந்து வந்தது. டாக்டர் அரைப் பக்கம் எழுதுவதை அவர்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவார்கள். அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது எனக்குப் பழக்கம். தலைவலியை ஒருவர் "மண்டைக்குள்ள யாரோ கதவைத் தட்டுறாங்க, தொறக்க ஆளில்ல" என்றார். அதற்கு நாம் போடும் கோடு வெறும் நான்கு எழுத்து.

ஷண்ட் என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்ததும் ஒரு விவசாயிதான். மூளைக்குள் ஊறும் நீர் வடிய வழியில்லாமல் தேங்கினால், மண்டையில் சிறு துளை போட்டு, காதுக்குப் பின்னால் ஒரு வால்வு வைத்து, மெல்லிய குழாயைத் தோலுக்கு அடியிலேயே கழுத்து, மார்பு வழியாக இறக்கி வயிற்றுக்குள் விட்டுவிடுவார்கள். நீர் அங்கே வடியும், உடம்பே அதை உறிஞ்சிக்கொள்ளும். டாக்டர் படம் போட்டுக் காட்டியதை அந்த மனிதர் கவுண்டரில் எங்களிடம் திரும்பச் சொன்னார். "தலைமடை மண்டையில இருக்கு, கடைமடை வயித்துல. அவ்வளவுதானே? ஆனா ஒன்னு கேக்குறேன். தலைமடையப் பாக்க ஆயிரம் பேரு வருவாங்க. கடைமடைக்கு வந்து யாரு பாக்கப் போறா?"

நாங்கள் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அந்தப் பெண்ணைப் பூங்கொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. வயது இருபத்தாறு. பாபநாசத்திலிருந்து உள்ளே தள்ளி ஓர் ஊர். சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, நீர் தேங்கி, வலது பக்கம் ஷண்ட் வைத்திருந்தார்கள். பதினேழு வருஷம் அது உள்ளே கிடந்தது. அவள் அதோடு பள்ளிக்கூடம் போனாள், கல்யாணம் செய்துகொண்டாள். கணவன் வேலைக்குச் சிங்கப்பூர் போனபிறகு ஒரு நாள், காதுக்குப் பின்னால் வால்வை மூடியிருந்த தோல் புண்ணாகித் திறந்துகொண்டது. எங்கள் ஆஸ்பத்திரியில் பழைய ஷண்டை எடுத்துவிட்டு, புண் ஆறியதும் இடது பக்கம் புதிதாக ஒன்று வைத்து அனுப்பினார்கள். அந்தக் கோப்புக்குக் கோடு போட்டவள் நான். போட்டதும் மறந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, ஓர் ஐப்பசி மதியம். நான்கு நாளாக மழை விடவில்லை. எங்கள் ரெக்கார்டு ரூம் கீழ்த்தளத்தில் இருந்தது. சுவரெல்லாம் வியர்த்துக்கொண்டிருந்தது. மேல் தளத்து வார்டிலிருந்து பொறுப்பு சிஸ்டர் போன் செய்தார்.

"அக்கா, எட்டாம் நம்பர் பெட்டு ஃபைல அனுப்பியிருக்கேன். வீட்டுக்காரங்க சொந்த விருப்பத்துல கூட்டிட்டுப் போறாங்க. கார் வந்து நிக்கிது. சட்டுனு கோடு போட்டு விடுங்களேன்."

எங்கள் ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டையில் வருகிறவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. நாங்கள் கோடு போட்டுக் கோப்பை மூடினால்தான் வார்டிலிருந்து ஆளை விடுவார்கள்.

"எங்க கூட்டிட்டுப் போறாங்களாம்?"

"ஏதோ ஒரு கோயில்ல ஒரு மண்டலம் தங்க வைக்கப் போறாங்களாம். அந்தப் பொண்ணுக்குப் பேய் புடிச்சிருக்காம். நம்ம ஆன்டிபயாடிக் பேய்க்குக் கேக்கலன்னு மாமியாருக்குக் கோவம்."

இதற்கும் சிரித்தேன். கோப்பைத் திறந்தேன்.

பூங்கொடி இரண்டு வருஷத்தில் மூன்றாவது முறையாக அட்மிட் ஆகியிருந்தாள். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வயிற்று வலி. மூன்று முறையும் தலையை ஸ்கேன் செய்திருந்தார்கள், நன்றாக இருந்தது. வால்வை அழுத்திப் பார்த்திருந்தார்கள், நன்றாக இருந்தது. ஒவ்வொரு முறையும் வயிற்றுக்கு ஓர் எக்ஸ்ரே, "ஷண்ட் குழாய் வயிற்றில் தெரிகிறது" என்று ஒரு வரி. குழாய் இருக்க வேண்டிய இடம்தானே அது. கடைசியாக மனநல டாக்டரின் குறிப்பு ஒன்றும் இருந்தது. பத்து நிமிஷத்தில் மூட வேண்டிய கோப்பு.

மூடியிருப்பேன். ஆனால் நர்ஸ் குறிப்புகளைப் படிக்காமல் என்னால் இருக்க முடியாது. கோடு போட அவை தேவையில்லை. நோயாளி சொன்னதை வைத்துக் கோடு போடவும் கூடாது, டாக்டர் எழுதினால்தான் அது நமக்கு உண்மை. இருந்தும் படிப்பேன், ஜனங்கள் பேசுவது அங்கே மட்டும்தான் கேட்கும் என்பதால். அந்த வார்டில் ஒரு சிஸ்டர் இருந்தார். ஆங்கிலம் சரியாக வராது, அதனால் நோயாளி சொல்வதைத் தமிழில் அப்படியே எழுதிவிடுவார். அதற்காகத் திட்டும் வாங்குவார். அவர் கையெழுத்தில் இப்படி இருந்தது:

"காலை உணவு சாப்பிடவில்லை. வயிற்றுக்குள் ஒன்று நகர்கிறது என்கிறார்."

அடுத்த நாள்: "நேற்று ஈரலுக்குக் கீழே வலது பக்கம் இருந்ததாம். இன்று தொப்புளுக்குக் கீழே இறங்கி வந்துவிட்டது என்கிறார்."

அதற்கடுத்த நாள்: "நோயாளி சொன்னது: சிஸ்டர், உள்ள ரெண்டு இருக்கு. ஒன்னு தலையிலேர்ந்து வருது. அது என்னோடது. இன்னொன்னு எங்கேர்ந்து வருதுன்னு தெரியல."

மேலே யாரோ ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் சத்தம் என் தலைக்கு மேல் கூரை முழுவதும் ஊர்ந்து போய் ஓய்ந்தது.

எக்ஸ்ரே ரிப்போர்ட்டுகளை மறுபடி எடுத்தேன். இரண்டு வருஷத்தில் மூன்று, மூன்றும் வேறு வேறு ஆட்கள் எழுதியவை. முதலாவதில் குழாயின் முனை இடது அடிவயிற்றில் இருந்தது. இரண்டாவதில் வலது பக்கம், ஈரலுக்குக் கீழே. மூன்றாவதில் தொப்புளுக்குக் கீழே. ஷண்டின் முனை வயிற்றுக்குள் கொஞ்சம் இடம் மாறும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது தேதிகள். தொப்புளுக்குக் கீழே வந்துவிட்டது என்று பூங்கொடி சிஸ்டரிடம் சொன்னதற்கு மறுநாள்தான் மூன்றாவது எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். படம் பார்ப்பதற்கு முன்பே அவள் இடத்தைச் சொல்லியிருந்தாள்.

அப்போதுதான் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அச்சாகியிருந்த வரியைப் பார்த்தேன். பழைய சிகிச்சைகளின் சுருக்கம் அது, எந்த டாக்டர் அவளுடைய பெயரைக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் முதலில் வந்து நிற்கும் வரி. "வலது ஷண்ட்: முழுமையாக அகற்றப்பட்டது." பக்கத்தில் பதிந்தவரின் முதலெழுத்துகள். என்னுடையவை.

முழுமையாக என்று எனக்கு யார் சொன்னது?

பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் திறந்தேன். "வலது ஷண்ட் அகற்றப்பட்டது" என்றுதான் இருந்தது. ஆபரேஷன் குறிப்பின் ஸ்கேன் பக்கத்தைப் பார்த்தேன். வால்வு எடுத்தாயிற்று, மேல்குழாய் எடுத்தாயிற்று, அதோடு பக்கம் முடிந்துவிட்டது. அடியில் ஓர் ஓரத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி. பக்கத்தைத் திருப்பு என்பதற்கு டாக்டர்கள் போடுவார்களே, அது. எங்கள் ஸ்கேன் மெஷினில் அப்போது முன்பக்கம் மட்டும்தான் ஏறும்.

உள்ளறையில் இரும்பு அலமாரிகளில் பழைய கோப்புகள் இருந்தன. நாடா கட்டிய அந்தக் கோப்பை எடுத்து, அந்தத் தாளைக் கண்டுபிடித்து, திருப்பினேன். பின்பக்கத்தில் நான்கு வரி. கீழ்க்குழாய் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இழுத்தபோது அறுந்துவிட்டது. சுமார் ஒரு சாண் நீளம் வயிற்றில் விடப்பட்டுள்ளது. கவனித்து வரவும்.

எழுதிய டாக்டர் அதற்கு அடுத்த மாதமே வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார். சம்மரி தயாரித்தவர் இன்னொருவர். கவனித்து வரவும் என்ற வரி ஓர் இரும்பு அலமாரியின் இருட்டில் இரண்டு வருஷம் தனியாகக் கிடந்திருக்கிறது.

அந்தச் சொல் எப்படி வந்தது என்று இப்போது நினைவு வந்தது. 'அகற்றம்' என்று போட்டதும் கம்ப்யூட்டரில் ஒரு பெட்டி திறக்கும். முழுமையாகவா, பகுதியாகவா? ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் போகவே போகாது. மேசையில் கோப்புகள் குவிந்து கிடந்த ஒரு நாளில் நான் ஒன்றைத் தொட்டிருக்கிறேன். டாக்டர் அதை எழுதவில்லை. சம்மரியிலும் இல்லை. அந்தச் சொல்லை அவளைப் பற்றி இந்த உலகத்தில் முதன்முதலில் சொன்னது நான். அதற்குப் பிறகு அவள் எந்த டாக்டருக்கு எதிரே போய் உட்கார்ந்தாலும், அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் பேசிவிட்டிருக்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லை, முழுமையாக எடுத்தாயிற்று, என்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் என் மனம் போனது அவளிடம் இல்லை. அந்த வரியைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டால் என்ன என்றுதான் போனது. ஒரு சொல்லை மாற்றி, விளக்கம் கேட்டு டாக்டருக்கு ஒரு படிவம் அனுப்பிவிட்டால் என் கடமை முடிந்தது. யாருக்கும் தெரியாது. ஒரு நிமிஷம் விரலை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கும் இப்படி ஒரு நிமிஷம் வரும். அந்த நிமிஷத்தில் உங்கள் அறையில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆனால் உள்ளே கிடக்கும் குழாய் குடலைத் துளைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் அதற்கும் கோடு போட்டிருக்கிறேன். கிருமி வயிற்றில் பரவி, புதுக் குழாய் வழியாக மேலே ஏறி, மூளைக்கே போய்விடும். காய்ச்சல் ஏற்கெனவே இருந்தது. அவளை மருந்தில்லாமல் நாற்பத்தெட்டு நாள் உட்கார வைக்க ஒரு கார் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

மூளை அறுவை டாக்டருக்குப் போன் செய்தேன். ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். உடனே வார்டுக்கு வரச் சொல்லித் தகவல் வைத்தேன். காப்பீட்டுப் பிரிவு மேலாளருக்குச் செய்தேன்.

"படிவம் போட்டு விடுங்கக்கா. ரெண்டு நாள்ல டாக்டர் பதில் போட்டுருவாரு."

"ரெண்டு நாள்ல இந்தப் பொண்ணு எங்க இருப்பா?"

"அது நம்ம வேலை இல்லையே."

"கோடு போடறது என் வேலைதானே? போட மாட்டேன்."

"என்னக்கா வெளையாடறீங்களா? பெட்டுக்கு ஆள் காத்திருக்கு."

"நான் போடாம ஆள விட முடியாதுல்ல? போடல. எழுதிக்குங்க." போனை வைத்துவிட்டு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு படியேறினேன். கோடிங் ஆள் வார்டுக்குப் போகும் வழக்கமே கிடையாது. என்னை அங்கே யாருக்கும் தெரியாது.

எட்டாம் நம்பர் கட்டிலின் ஓரத்தில் ஒரு பெண் புறப்படத் தயாராக உட்கார்ந்திருந்தாள். மெலிந்த முகம், இழுத்துப் பின்னிய ஒற்றைச் சடை, இரண்டு மணிக்கட்டிலும் மந்திரித்த கறுப்புக் கயிறுகள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது, கர்ப்பிணிகள் வைத்துக்கொள்வது போல. நடுவயதுப் பெண் ஒருவர் பிளாஸ்கையும் தம்ளரையும் பையில் அடைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் மாமியார்.

"யாரும்மா நீங்க? கையெழுத்தா? எல்லாம் போட்டாச்சே."

"இல்லைங்க. டாக்டர் வந்துக்கிட்டிருக்காரு. ஒரே ஒரு தடவை பாத்துரட்டும், அப்பறம் போகலாம்."

"பாத்தாங்கம்மா. ரெண்டு வருசமா பாக்கறாங்க. தலையப் பாத்துட்டு நல்லாருக்கு நல்லாருக்குங்கறாங்க. இவ வயித்தப் புடிச்சுக்கிட்டு உருளுறா. எம்புள்ள சிங்கப்பூர்லேர்ந்து தெனமும் கேக்குது, அவளுக்கு என்னம்மான்னு. நான் என்னத்தச் சொல்ல? வேளாங்கண்ணி வரைக்கும் நடந்தே போனேன். மாதா முன்னாடி மண்டி போட்டு, நாங்க வேற சாமி கும்புடறவங்கதான், கோவிச்சுக்காதேன்னு சொல்லி அழுதேன். ஒன்னும் கேக்கல." பையைக் கீழே வைத்துவிட்டார். "எம் மகளாட்டம் இருந்தவம்மா இவ. உள்ளேர்ந்து எவளோ இவளத் திங்கறா."

நான் பூங்கொடியின் பக்கம் குனிந்தேன். "இப்ப எங்கம்மா இருக்கு?"

அவள் என்னையே பார்த்தாள். இருக்கிறதா என்று எல்லோரும் கேட்டிருப்பார்கள். எங்கே என்று யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. முந்தானையை ஒதுக்கி, தொப்புளுக்குக் கீழே விரலை வைத்தாள்.

"இங்க. இவ்வளவு நேரம் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு." விரலை எடுக்காமலே சொன்னாள். "நீங்க வந்ததும் நின்னுடுச்சு."

அவள் விரலுக்குப் பக்கத்தில் காசு அளவில் கறுத்த வடு ஒன்று இருந்தது. வலது பக்கம், ஈரலுக்குக் கீழே, இன்னொன்று. இடது அடிவயிற்றில் மூன்றாவது. விரலி மஞ்சளை நெருப்பில் காட்டிச் சூடு வைத்த வடுக்கள். அது எங்கே இருக்கிறது என்று அவள் காட்டக் காட்ட, அங்கங்கே வைத்திருக்கிறார்கள். மூன்று எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் நான் படித்த அதே மூன்று இடங்கள், அவள் தோலின் மேல் இருந்தன.

டாக்டர் தியேட்டர் தொப்பியோடு வந்தார். வரும்போதே முகம் கடுத்திருந்தது. "மேடம், நீங்க கோடிங்தானே? ஒரு டிஸ்சார்ஜ நிறுத்தி வச்சிருக்கீங்களாம். வார்டுல என்ன பண்றீங்க?"

தாளின் பின்பக்கத்தை நீட்டினேன். படித்தார். முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி பின்பக்கத்தைப் படித்தார். "இது கம்ப்யூட்டர்ல இல்லையே" என்றார்.

"இல்ல சார். முழுமையாக எடுத்தாச்சுன்னு நான்தான் போட்டேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லல."

அவர் என்னைத் திட்டவில்லை. அதற்கு நேரமில்லை. சிஸ்டரிடம் மூன்று எக்ஸ்ரேக்களையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் திறக்கச் சொன்னார். இடது பக்கக் குழாய் மார்பிலிருந்து இறங்கி வயிற்றில் சுருண்டு கிடந்தது. அதன் மேல் பேனாவை வைத்து, தலையிலிருந்து முனைவரை ஓட்டிக்கொண்டே வந்தார். முனை வந்தது. பேனா நின்றது. அந்தச் சுருளுக்குள்ளேயே இன்னொரு வெள்ளைக் கோடு, ஒரு சாண் நீளம், தன்பாட்டுக்குக் கிடந்தது. மூன்று படங்களிலும் இருந்தது, மூன்றிலும் வேறு வேறு இடத்தில். ஒவ்வொரு முறையும் பார்த்தவர்கள் கண்ணில் பட்ட முனையை எழுதியிருக்கிறார்கள். எத்தனை முனை என்று யாரும் எண்ணவில்லை. ஒன்றுதான் இருக்க முடியும் என்று பக்கத்தின் தலையில் நான் சொல்லியிருந்தேனே.

டாக்டர் அந்தச் சின்னக் கோட்டின் மேல் பேனாவை மேலும் கீழும் கொண்டு போனார். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல மெதுவாகச் சொன்னார்: "இது எங்கேருந்தும் வரல."

சிஸ்டரின் குறிப்பை அவர் படித்திருக்கவில்லை.

காரைத் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் காலையில் வயிற்றில் சிறு துளை போட்டு அதை எடுத்தார்கள். ஒட்டியிருந்த இடத்திலிருந்து எப்போதோ விடுபட்டு, உள்ளே அலைந்திருக்கிறது. ஒரு முனை குடலின் சுவருக்குள் பாதி இறங்கியிருந்ததாம். புதுக் குழாயின் கீழ்முனையைச் சில நாள் வெளியே எடுத்து வைத்து, நீரில் கிருமி இல்லை என்று உறுதியானபிறகு மறுபடி உள்ளே விட்டார்கள். காய்ச்சல் நின்றது. மூன்று வாரம் இருந்தாள். நான் தினமும் மதியம் மேலே போய்ப் பார்த்துவிட்டு வருவேன். என் வழக்கத்தில் இல்லாத வேலைதான், ஆனால் போகாமல் இருக்க முடியவில்லை. நான் யார், என்ன செய்தேன் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. தினமும் சொல்லலாம் என்று போவேன், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு இறங்கி வருவேன்.

ஒரு நாள் அவள் சொன்னாள்: "வலி இல்லக்கா. ஆனா காலையில கண்ணு முழிச்சதும் அத தேடறேன். அது இருந்த எடம் சும்மா கெடக்கு. அது ஒரு மாதிரி பயமா இருக்கு." என் நோட்டில் எத்தனையோ பேர் சொன்னது இருக்கிறது. இதை மட்டும் நான் எழுதவில்லை.

வீட்டுக்குப் போகிற அன்று அவள் என்னிடம் ஒன்று கேட்டாள்.

"அக்கா, எனக்கு ஒரு தாள் எழுதித் தாங்க. தமிழ்ல. உள்ள இருந்தது கொழாதான்னு."

"சம்மரியில எல்லாம் எழுதியிருக்காங்கம்மா."

"அது இங்கிலீசு. எங்க ஊர்ல யாரு படிப்பா? நான் இனிமே ஒரு வேள சாப்பிடாம இருந்தாலும், சத்தமாப் பேசுனாலும், அது திரும்ப வந்துடுச்சும்பாங்க. அவரு வர்ற வரைக்கும் நான் அந்த வீட்டுலதான இருக்கணும்? தாளு இருந்தா எடுத்துக் காட்டுவேன்."

இப்படி ஒரு தாள் எழுதும் அதிகாரம் நமக்குக் கிடையாது. மேலே கேட்டிருந்தால் கூடாது என்றிருப்பார்கள், அதனால் நான் கேட்கவில்லை. கீழே வந்து, ஆஸ்பத்திரி முத்திரைத் தாளில் கையால் எழுதினேன். முதலில் என் பேனாவில் தானாக வந்தது இது: "பதிவில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது." யாரும் செய்யாமல், மழை பெய்துவிட்டது என்பது போல. எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்தேன். பூங்கொடியின் வயிற்றில் பழைய சிகிச்சைக் குழாயின் ஒரு சாண் துண்டு இருந்தது, அவருடைய வலிக்கும் காய்ச்சலுக்கும் அதுவே காரணம், அது இருப்பதாக அவர் முதலிலிருந்தே சரியாகச் சொல்லிவந்தார், குழாயை முழுமையாக எடுத்துவிட்டதாக ஆஸ்பத்திரிப் பதிவில் தவறாக எழுதியது நான். கீழே என் முழுப்பெயர், கையெழுத்து. டாக்டரிடம் கொண்டு போனேன். அவர் நின்றபடியே படித்துவிட்டு, "இதால உங்களுக்குத்தான் பிரச்சனை வரும்" என்றார். "வரட்டும் சார்" என்றேன். தன் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தார். பிரச்சனை வந்தது. அது உங்களுக்கு வேண்டாம்.

வாசல் போர்ட்டிகோவில் மாமியாரிடம் தாளைக் கொடுத்தேன். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவராம். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, வாய்விட்டுப் படித்தார். பூங்கொடி பக்கத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி வரியும் முடிந்து, என் பெயரையும் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இது யாரு பேரும்மா?"

"என் பேருதாங்க."

"நீங்க எழுதித் தந்த தாளுதானா இது?"

"ஆமாங்க."

"மொதல்ல தப்பா எழுதுனதும் நீங்கதானா?"

"நான்தாங்க."

பூங்கொடி தூணிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மாமியார் கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படுவார், கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை மெதுவாகப் பார்த்தார். ரொம்ப நாளாகத் தேடிய ஆளைக் கண்டுபிடித்தவர் பார்ப்பது போல இருந்தது.

"மந்திரிக்கிறவரு ஒவ்வொரு தடவையும் இவ உள்ள இருக்கறதுகிட்ட கேட்டாரும்மா" என்றார். குரலில் கோபமே இல்லை. "யாரு நீ, இவகிட்ட உனக்கு என்ன வேணும், பேரச் சொல்லு, பேரச் சொன்னா விட்டுடறேன்னு. இவ வாயத் தொறக்கல. அதுக்குத்தான் சூடு வச்சோம்."

தாளை நான்காக மடித்து மருமகளின் கையில் வைத்து மூடினார்.

"இவளுக்கு உங்க பேரு எப்படிம்மா தெரியும்?"